இரண்டு முறை கழித்த பன்னிரண்டு

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். அந்தப் பன்னிரண்டை நீ கழிச்சியா?"

"அக்கா, எந்தப் பன்னிரண்டு?"

"உப்புக் கரைசலோட பன்னிரண்டு."

"கழிக்காம இருப்பேனா? நிரலோட முதல் வரியே அதுதான்." மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஏன்க்கா, நீங்களும் கழிச்சீங்களா?"

"எட்டு வருஷமா கழிச்சுத்தானேப்பா எழுதுறேன்."

தம்பி இரண்டு மாடிக்கு மேலே கணினி நிரல் எழுதுகிறவன். கேட்டது கீழே இருந்த கூண்டக்கா.

கூண்டக்கா என்பது அவளுக்கு அந்த மூளை ஆய்வுக்கூடம் வைத்த பெயர். எலி மூளையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, தலைமுடியை விடச் சன்னமான கண்ணாடிக் குழலை ஒரே ஒரு நரம்புச் செல்லின் மேல் ஒட்டி, அதற்குள் எத்தனை மில்லிவோல்ட் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. வெளி மின்சாரம் புகுந்து குழப்பாமலிருக்க மேசையைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. ஜன்னல் கிடையாது. குழலுக்கு உள்ளே ஒரு கரைசல், வெளியே இன்னொன்று. இரண்டும் தொடுகிற இடத்தில் பன்னிரண்டு மில்லிவோல்ட் பிழை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கழித்துவிட வேண்டும், ஒரே ஒரு தடவை.

"தலைப்புல 'அளந்தது'ன்னுதானேக்கா போட்டிருக்கு? அதனாலதான் திருத்தாத எண்ணுன்னு நினைச்சேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆதியில் அட்டவணையில் 'அளந்தது', 'திருத்தியது' என்று இரண்டு பத்திகள் இருந்தன. திரையில் இடம் போதவில்லை என்று இரண்டாவதைத் தூக்கிவிட்டு, திருத்திய எண்ணை முதலாவதிலேயே போட ஆரம்பித்தவள் அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த எண்களை வைத்துத்தான் இரண்டு வருடம் முன்பு, ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியையின் பேர்போன கட்டுரை வந்தது. எண் மைனஸ் பக்கம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ, செல்லுக்கு அவ்வளவு தூக்கம். மற்ற ஆய்வுக்கூடங்கள் அளந்த செல்களெல்லாம் மைனஸ் எழுபதில் இருக்க, இவை மட்டும் மைனஸ் எண்பத்திரண்டில் ஆழ்ந்து உறங்குகின்றன என்று கட்டுரை சொன்னது. கூண்டக்கா அதில் தன் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். ஏழாவது பெயர்.

இன்று காலை, முனைவர் பட்ட ஆய்வு இடத்துக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அவள் தன் பழைய குறிப்பேட்டையும் கட்டுரைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பாதி கணினி, பாதி மூலக்கூறு என்று புதிதாக வந்த ஒரே ஒரு இடம். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். வயது வரம்பு முப்பத்திரண்டு. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்து மூன்று.

பத்து மணிக்கு அவள் அக்கா கூப்பிட்டாள்.

"அனுப்பிட்டியாடி?"

"இன்னும் இல்லக்கா."

"கல்யாணத்துக்குக் கூட நீ இவ்வளவு யோசிக்கலையே."

"அதான் அது நிக்கல."

"விளையாடாத. மேடமே சிபாரிசுக் கடுதாசி குடுத்துட்டாங்க, உன் இடம்னு ஊரே சொல்லுது. இன்னும் எத்தனை வருஷம் மத்தவங்களுக்கு அளந்து குடுத்துட்டே இருக்கப் போற?"

"ஒரு எண்ணு தப்பா இருக்குக்கா."

"யாரோட எண்ணு?"

"எல்லாரோடதும்."

"அப்ப நீ மட்டும் ஏன் தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்க?"

சீவல் காய்ந்துவிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

இரண்டரை மணிக்குத் தம்பி நேரிலேயே இறங்கி வந்தான். ஆய்வுக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"ஒரு தடவை மட்டும் கழிச்சு மறுபடி ஓட்டிப் பார்த்தாச்சு. மைனஸ் எழுபது. சாதாரண செல்லு."

"தூக்கம்?"

"தூக்கமாவது ஒண்ணாவது. முழிச்சுட்டுத்தான் இருக்கு." அவன் கம்பிவலையில் சாய்ந்தான். "என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயம் பூரா இதுதான்க்கா."

"மேடம்கிட்ட சொல்லணுமே."

"சொல்லுங்கன்னு நான் சொல்லல. சொல்லாதீங்கன்னும் சொல்லல."

"ரொம்ப உபகாரம்," என்று எழுந்து போனாள்.

பேராசிரியை முழுவதும் கேட்டார். பிறகு, "கதவைச் சாத்து," என்றார்.

"சாத்தித்தான் இருக்கு மேடம்."

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களோட மூணு."

"அந்த இடம் எதுக்குன்னு தெரியுமில்ல?"

"அந்தச் செல்லைத் தூங்க வைக்கிற மூலக்கூறு எதுன்னு கண்டுபிடிக்க."

"தூங்கவே இல்லன்னா?"

"தேட ஒண்ணும் இல்ல."

"இடமும் இல்ல. உனக்கு மட்டுமில்ல, யாருக்குமே." பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல் மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் உனக்குக் கெடுதல் சொல்லுவேனா? இன்னிக்கு அனுப்பு. உள்ள வந்துடு. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் திருத்தம்னு நாமளே எழுதுவோம். நீ கண்டுபிடிச்சதாவே எழுதுவோம். உன் ஆய்வுத் தலைப்பையும் மாத்திக்கலாம்."

"அந்த ஒரு வருஷம் நான் என்ன பண்ணிட்டு இருப்பேன் மேடம்?"

"தேடு."

"இல்லாததையா?"

"இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் அதைத்தான் பண்றாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேராசிரியைக்கும் வந்தது. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருப்பாள்.

கீழே வந்து விண்ணப்பத்தைத் திறந்தாள். 'உங்கள் ஆய்வுப் பங்களிப்பு, இருநூறு சொற்களுக்குள்.' எண்பத்திரண்டு என்று எழுதினால் உள்ளே போகலாம். போய், இல்லாத ஒன்றைத் தேடுவதாக ஒவ்வொரு மாதமும் அறிக்கை தர வேண்டும், அறிந்தே. எழுபது என்று எழுதினால் போவதற்கு வாசலே இருக்காது. எதையும் எழுதாமல் விட்டாலும் அதே கதைதான். மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கம் கடிகாரம். நாலு முப்பத்தைந்து.

எண்பத்திரண்டு என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். நன்றாகத்தான் இருந்தது பார்க்க. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இரண்டு வருடமாக யார் கண்டுபிடித்தார்கள்? ஆனால் அந்த எண்ணை அவள் கை அளக்கவில்லை. அளக்காத எண்ணை இதுவரை எழுதியதில்லை. எழுதத்தான் தெரியவில்லை, அவ்வளவுதான். நேர்மை அது இதென்று பெரிய பேச்செல்லாம் அவள் மனதில் ஓடவில்லை.

அழித்துவிட்டு எழுதினாள்: 'நான் அளந்த செல்களின் சராசரி மைனஸ் எழுபது. வெளியான கட்டுரையில் உள்ள மைனஸ் எண்பத்திரண்டு, ஒரே திருத்தத்தை இரண்டு முறை செய்ததால் வந்தது. பத்தித் தலைப்பை மாற்றாதது என் தவறு.' இருநூறு சொல் தேவைப்படவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம், இனி மாற்ற இயலாது என்று திரை சொன்னது.

ஐந்தேகாலுக்குப் பேராசிரியை இறங்கி வந்தார். கடிதம் கொடுத்தவர் என்பதால் அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. உட்கார இன்னொரு நாற்காலி இல்லை, நின்றார்.

"படிச்சேன்."

"ம்."

"நாளைக்கு வருவ இல்ல?"

"வேற எங்க மேடம் போறது?"

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, புதுக் குழலைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு இது?"

"இந்தச் சீவல் ஆறு மணி வரைக்கும் உயிரோட இருக்கும். இன்னும் ரெண்டு செல்லு பார்க்கலாம்."

"இனிமே அது எதுக்கு உதவும்?"

"சீவியாச்சே மேடம்," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல்.