மறுவாசிப்பு நாள்

2025 மார்ச் 6, வியாழக்கிழமை, காலை ஆறு ஐம்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மேற்கு மலையின் இடுப்பில் மட்டும் ஒரு முழம் மேகம், விலகுவதா தங்குவதா என்று முடிவெடுக்காமல் கிடந்தது. வஞ்சுளவல்லி மடிக்கணினியைத் திறந்து, தன்னுடைய இருநூற்றுப் பதினான்காம் வாசிப்புப் பட்டியலை இணையத்தில் வெளியிட்டாள்.

ராஜபாளையத்து மருத்துவத் துணி ஆலை ஒன்றில் அவள் தர அலுவலர். வயது ஐம்பத்தொன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், பேண்டேஜ் துணியைப் பற்றித் தெரிந்தவரும் தெரியாதவரும் இணையத்தில் அள்ளி இறைத்துக்கொண்டிருந்த காலத்தில், பதரைப் புடைத்து நெல்லைத் தனியே வைக்க யாராவது வேண்டும் என்று உற்பத்தியாளர் சங்கத்தில் அவள்தான் சொன்னாள். சொன்னவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் உள்ள வழக்கம். அன்று முதல் வியாழன்தோறும் ஆறு இணைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் மூன்று வரிகள்: என்ன சொல்கிறது, யார் சொல்கிறார், நம் ஆலைக்கு எந்த அளவில் பொருந்தும். நான்காவதாக ஒரு தேதி.

அந்தத் தேதிதான் அவள் கண்டுபிடிப்பு. கிருமிநீக்கிய பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் காலாவதி நாள் அச்சிடுகிறோம். அதற்கு வழிகாட்டும் தகவலுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாள். ஆகவே பட்டியலில் உள்ள எதற்கும் ஆறு மாதமே ஆயுள். அந்த நாள் வந்தால் அவள் மூலப் பக்கத்தை மறுபடி திறந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்து, தன் பதிவேட்டில் 'வாசித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே ஆயுளை நீட்டுவாள். இல்லையேல் நீக்கிவிடுவாள். இந்த ஏற்பாட்டுக்கு ஒன்பது விதிகள் எழுதினாள். சங்கம் அவற்றை வாசிக்காமலே ஏகமனதாக நிறைவேற்றியது.

உறுப்பினர் எண்ணிக்கை இருநூற்று முப்பது. பட்டியலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் கணக்கு ஒன்று அவளுக்கு மட்டும் தெரியும்படி பக்கத்தின் அடியில் இருந்தது. முதல் ஆண்டில் அது நாற்பதைத் தொட்டது. பிறகு தேய்ந்து தேய்ந்து, ஓராண்டுக்கும் மேலாக வாரந்தோறும் ஒரே எண்: இரண்டு. ஒன்று அவள், எழுத்துப்பிழை பார்க்கத் திறப்பது. மற்றது காலை ஏழு பத்துக்கு விழும். மழையோ வெயிலோ, தேரோட்டமோ பொங்கலோ, ஏழு பத்து. யாரென்று தெரியாது, தெரிந்துகொள்ளும் வசதியும் அந்தக் கணக்கில் இல்லை. ஓசூரிலிருக்கும் அண்ணன் உப்பிலி மாதம் ஒரு முறை பேசுவான். அதைத் தவிர அவள் வீட்டுக்கு வெளியேயிருந்து தவறாமல் வரும் செய்தி அந்த இரண்டாவது எண்தான். அதற்காகவே வியாழனன்று காப்பியை ஏழு மணிக்குக் கலந்து, குடிக்காமல் வைத்திருப்பாள்.

இன்று ஏழு பத்து ஆயிற்று. ஏழு இருபது ஆயிற்று. எண் ஒன்றிலேயே நின்றது. காப்பி ஆடை கட்டியது.

ஆறு நாட்களுக்கு முன், வெள்ளிக்கிழமை, ஒரு புகார்க் கடிதம் வந்திருந்தது. சங்கரலிங்கம் என்ற ஆலை உரிமையாளர் அனுப்பியது. அவருடைய ஆலையில் கிருமிநீக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் காளிராஜ், கிருமியைக் கொல்லும் வாயு ஏற்றிய பொட்டலங்களை, அந்த வாயு வெளியேறப் போதிய நேரம் காற்றாட விடாமல் அனுப்பிவிட்டான். வாங்கிய மருத்துவமனை சோதித்துப் பார்த்தது. துணியில் வாயு தங்கியிருந்ததால் சரக்கு முழுவதும் திரும்பிவிட்டது. கேட்டால், பட்டியலைப் பார்த்துத்தான் செய்தேன் என்கிறான். பட்டியலில் தவறா, பயல்மேல் தவறா? தீர்ப்பு வரும்வரை அவனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன்மேல் தவறென்றால் அதோடு கணக்கு முடிந்தது. கடிதம் அவ்வளவுதான்.

ஏழாம் விதி தெளிவானது. புகார் வந்தால், பட்டியல் பொறுப்பாளர் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தீர்ப்பளித்துக் கையெழுத்திட்டு, பாதிக்கப்பட்டவர் கையில் முதல் படியைக் கொடுக்கவேண்டும். பொறுப்பாளர் அவள் ஒருத்தியே. வெள்ளியிலிருந்து எண்ணினால் இன்று ஏழாம் நாள்.

கடிதம் வந்த அன்றே அவள் மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தாள். எல்லாப் பொட்டலங்களுக்கும் ஒரே காற்றாடல் நேரம் என்று முன்பு சொன்ன பக்கம், இப்போது, திரும்பி வந்த சரக்கில் இருந்ததைப் போல ஒரு புறம் பிளாஸ்டிக் உள்ள உறைகளுக்கு இரு மடங்கு நேரம் என்றது. எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு பக்கத்தில் எங்குமில்லை. அவளுடைய மூன்று வரிகளோ பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருந்தன. பதிவேட்டில் 2024 அக்டோபர் 16 என்ற தேதிக்கு எதிரே, அவள் கையெழுத்தில், 'வாசித்தேன்' என்று இருந்தது.

அவள் வாசிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமையை அவள் மறக்கவில்லை. பட்டியலை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்க ஒரு பயிற்சிக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தாள். ராஜபாளையத்தில் சங்கத்துக் கூடம், மதியம் மூன்று மணி, எண்பது நாற்காலி. மழை பிடித்துக்கொண்டது. டீ கொண்டுவந்தவர் கேனை வைத்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்கவும் கூச்சப்பட்டுப் போய்விட்டார். மூன்றரை, நான்கு, நாலேகால். யாரும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவமானமாக இருந்ததால் பதிவேட்டை எடுத்தாள். அன்று மறுவாசிப்புக்கு உரியவை பதினொன்று. கூடத்துக்குள் டவர் கிடைக்கவில்லை. பதினொன்றும் அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்குப் போய்த் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பதினொரு முறை 'வாசித்தேன்' என்று எழுதினாள். வீட்டுக்குப் போனாள். திறக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் அன்றைக்கு அவளை வென்றுவிட்டது. மூல இணைப்புகளை எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கும் பக்கத்தின் அடியில் உண்டு; அதில் அந்த வாரம் முழுவதும் சுழி. அந்தச் சுழியும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்று அவள் பையில், அவளே எழுதிய இரண்டு தீர்ப்புகள் இருந்தன. இரண்டிலும் ஒற்றுப்பிழைகூட இல்லை, கையெழுத்தும் இல்லை. முதலாவது: குறிப்பு அக்டோபர் 16 அன்று மறுவாசிக்கப்பட்டதாகப் பதிவேடு காட்டுகிறது, மூலம் பின்னர் மாறியிருக்கக்கூடும், பயன்படுத்துமுன் மூலத்தைத் திறந்து பார்ப்பது பயனரின் கடமை என்னும் நான்காம் விதியைக் காளிராஜ் பின்பற்றவில்லை. அதில் ஒரு வாக்கியத்தைக்கூடப் பொய் என்று தனியே பிரித்துக் காட்டமுடியாது. அப்படித்தான் அதைக் கட்டியிருந்தாள். இரண்டாவது, உண்மை. அதன் கடைசிப் பத்தி ஒன்பதாம் விதியை மேற்கோள் காட்டியது: பொறுப்பாளர் வாசிக்காமல் ஆயுள் நீட்டியது தெரிந்தால், பட்டியல் அன்றே நிறுத்தப்படும். அப்படி ஒரு நாள் வராது என்ற நம்பிக்கையில் எழுதிய விதி.

அரை நாள் விடுப்புச் சொல்லி, மூன்றேகாலுக்குச் சங்க அலுவலகத்தை அடைந்தாள். வாசல் பெஞ்சில் ஒருவன் நீள நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள்.

செயலாளர் ராம்குமார், கைபேசியை மேசைமேல் கவிழ்த்துவிட்டு வரவேற்றார். சங்கரலிங்கம் நாலு மணிக்கு வருவார் என்றும், வெளியே நிற்பவன்தான் காளிராஜ் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க ரூல் நாலு என்ன சொல்லுது மேடம்? மூலத்தத் தெறந்து பாக்கணும்னு சொல்லுது. அவன் தெறக்கல. முடிஞ்சுபோச்சு. இதுக்கு எதுக்கு ஏழு நாளு?"

"தெறந்தா இங்கிலீஷ்ல இருக்கும் ராம்குமார். அதுக்காகத்தான் பட்டியலே."

"அப்ப பட்டியல் தப்புன்னு எழுதப்போறீகளா? எழுதுங்க. ஆப் விக்கிற கம்பெனிக்காரன் ஒருத்தன் வாரம் ரெண்டு தடவ போன் பண்ணுதான். தானா தேடி, தானா அனுப்புமாம். மறுவாசிப்பும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. கமிட்டில ஒங்களுக்காகத்தான் நான் வாயத் தெறக்காம இருக்கேன்."

அவர் சிரித்தார்.

"போலீசும் நீங்க, ஜட்ஜும் நீங்க. இதுல திருடனாவும் நீங்களே நிக்கணும்னு ஆசப்படாதீக."

அவர் ஒன்றும் அறிந்து சொல்லவில்லை. நகைச்சுவை என்று எண்ணித்தான் சொன்னார். நான்கு ஆண்டுகளில் அவருடைய கைபேசியிலிருந்து பட்டியல் எத்தனை முறை திறக்கப்பட்டிருக்கும் என்று அவள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தாள். ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் தீர்ப்பில் கையெழுத்திட்டால், அடுத்த வியாழன் உண்டு. அதற்கடுத்த வியாழனும் உண்டு. வேறொரு ஆலையில் காளிராஜுக்கு வேலை கிடைக்கலாம். அவளுக்கு வேறொரு வியாழன் கிடைக்காது. முதல் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள்.

தண்ணீர்க் கேன் வாசல் பெஞ்சுக்கு அருகே இருந்தது. காளிராஜ் அவசரமாக ஒதுங்கினான். முப்பது வயதிருக்கும். பெஞ்சில் அவன் வைத்துவிட்டு எழுந்த நோட்டு விரிந்து கிடந்தது. அதில் அவளுடைய வாக்கியங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரிகள். நான்காவதாகத் தேதி, சிவப்பு மையில்.

"இத நீங்களா எழுதுனீங்க?"

"ஆமா மேடம். போன்ல படிச்சா மறந்துபோவுது. வாரா வாரம் எழுதிருவேன். தேதி முடிஞ்சத அடிச்சிருவேன்." பின்பு, தன்னைக் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னான். "மம்சாபுரத்துலேர்ந்து வார பஸ்ஸு ஏழு பத்துக்கு மெயின்ரோட்டு விலக்குல செத்த நேரம் நிக்கும். அங்கனதான் டவர் நல்லா கெடைக்கும். இன்னைக்கு மத்தியானம்தான் பஸ் ஏறுனேன்."

அவள் தம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். குழாயைத் திறக்க மறந்திருந்தாள்.

"ஒங்களால வந்துச்சுன்னு நான் சொல்லல மேடம்," என்றான் அவன். "எங்க மொதலாளிட்டயும் அதான் சொன்னேன். மேடம் தேதி போட்டா, போட்டதுதான்னு. நாந்தான் எங்கயோ கோட்ட விட்ருக்கேன். அக்டோபர்ல கூட்டம் போட்டீகள்ல? அப்பவே தெரியும் எனக்கு."

"கூட்டத்துக்கு யாரும் வரலையே."

"நான் வந்தேன். ஷிஃப்ட்டு முடிஞ்சு, மழையில வர நாலரை ஆயிட்டு. எட்டிப் பாத்தா உள்ள ஒரு ஆளில்ல. நீங்க மட்டும் குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்தீக. அம்புட்டு கவனமா எழுதுறவியள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு வாசலோட போயிட்டேன்."

உள்ளே ராம்குமாரின் கைபேசி அடித்து ஓய்ந்தது. வஞ்சுளவல்லி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டிலிருந்த சிவப்புத் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்டோபர் 16-இலிருந்து ஆறு மாதம், ஏப்ரல் 16 என்ற தேதி ஒரே பக்கத்தில் பல முறை வந்தது. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை.

"உள்ள வந்திருக்கலாம் நீங்க," என்றாள்.

தண்ணீர் குடிக்காமலே திரும்பிப் போனாள். மேசைமேல் இருந்த முதல் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். இரண்டாவதை எடுத்து, நின்றபடியே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தாள். 'பதினொரு குறிப்புகளையும்' என்ற இடத்தில் ஒரு கணம் நின்று, மேலே போனாள். மூன்று படிகளிலும் கையெழுத்திட்டுத் தேதியும் நேரமும் எழுதினாள். ராம்குமார் தலைகீழாகவே இரண்டு வரி படித்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"மேடம், இனிமே வியாழக்கெழம என்ன செய்வீக?"

அவள் பேனாவை மூடினாள். வாசலில் சங்கரலிங்கத்தின் கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. அவருடைய படியை மேசைமேல் விட்டுவிட்டு, விதிப்படி முதல் படியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

காளிராஜ் கார் பக்கம் பார்ப்பதா அவள் பக்கம் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றான். அவள் தாளை நீட்டினாள். அவன் இரு கைகளாலும் வாங்கி, பார்க்காமலே நோட்டுக்குள் வைக்கப்போனான்.

"வைக்காதீங்க," என்றாள். "தெறந்து வாசிங்க. தமிழ்லதான் இருக்கு."