செம்பியன் காவலுக்கு வைத்த கணினி

சிதம்பரத்தில் செம்பியன் வீட்டுக்கு இணையம் கொடுக்க வந்தவன் ஒரு வெள்ளைப் பெட்டியைச் சுவரில் மாட்டி, "இதுலயே வைஃபை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். செம்பியன் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் எதுவும் அவருக்கு ஒத்துவராது. பெட்டியின் வைஃபையை அணைத்தார். கல்லூரியில் கழித்துப் போட்ட கணினி ஒன்றை வாங்கிவந்து, லினக்ஸ் ஏற்றி, இரண்டு நெட்வொர்க் கார்டு சொருகி, மாடிப்படிக்கு அடியில் வைத்தார். ஒரு கார்டு வழியாக உலகம் உள்ளே வரும். மறு கார்டு வழியாக வீட்டுக்குப் போகும். நடுவில், எது போகலாம் எது கூடாது என்று செம்பியன் எழுதிய விதிகள் நிற்கும்.

வீட்டில் இருந்தது இரண்டு குடும்பம். கீழே செம்பியனும் மனைவி மகேஸ்வரியும். மாடியில் மகேஸ்வரியின் தம்பி உத்திராபதியும் அவன் மனைவியும். மாடியில் கிரிக்கெட் எத்தனை மணி வரை, எவ்வளவு தெளிவாகத் தெரியலாம் என்பதைக்கூட விதிகளே தீர்மானித்தன.

"நெட்டு சுத்திக்கினே இருக்கு மாமா" என்பான் உத்திராபதி.

"அது செக்யூரிட்டி மச்சான். உனக்குப் புரியாது."

புரியாததால் அவன் மாடிக்குத் திரும்பிப் போய், சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்தில், செம்பியனின் பெரியப்பா மகன் கலைமணி வீட்டில் காதுகுத்து. மகேஸ்வரி போகவில்லை. மஸ்கட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவள் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே பள்ளி விடுமுறை என்பதால் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வகுப்பு. செம்பியன் மட்டும் போனார்.

பந்திக்குக் காத்திருந்தபோது பேச்சு எப்படியோ இணையத்துக்கு வந்தது. எப்படியோ என்ன, அவர்தான் கொண்டுவந்தார்.

"இங்க உக்காந்துக்கினே சிதம்பரத்துல என் மச்சான் டிவியை நிறுத்துவேன்."

"எங்க, நிறுத்து பாப்போம்" என்றார் கலைமணி.

செம்பியன் செல்போனிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைந்து, ஒரு தடை உத்தரவை அடித்தார். அதில் உத்திராபதி டிவிக்கு நெட்வொர்க்கில் உள்ள எண்ணைச் சேர்க்க வேண்டும். சுற்றி ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்த மிதப்பில் எண்ணை விட்டுவிட்டார். எண் இல்லாவிட்டால் அந்தக் கணினி 'எல்லாரும்' என்று எடுத்துக்கொள்ளும். அந்த எல்லாரிலும் உத்தரவு போட்டவரும் அடக்கம். செல்போன் திரை அப்படியே நின்றது.

"நின்னுடுச்சா?" என்றார் கலைமணி.

"நின்னுடுச்சு" என்றார் செம்பியன். பொய் சொல்லவில்லை.

அடுத்த நிமிடம் மகேஸ்வரி கூப்பிட்டாள். "என்னங்க, நெட்டு போச்சு. பசங்க காத்துக்கினு இருக்காங்க. படிக்கட்டுக்குக் கீழ இருக்கறத அணைச்சுப் போடட்டா?"

"அணைச்சுப் போட்டாலும் போட்ட உத்தரவை அது மறக்காது. அப்படித்தான் வச்சிருக்கேன்" என்றார் செம்பியன். குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

"ஸ்கிரீன்ல ஏதாவது பாத்துச் சொல்லட்டுமா?"

"அதுக்கு ஸ்கிரீன் கெடையாது. நல்ல சர்வருக்கு ஸ்கிரீன் வைக்க மாட்டாங்க."

மகேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

செம்பியன் சாப்பிடாமல் பஸ் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்று நின்று போனது. மறுபடி மறுபடி கூப்பிட்டார், மகேஸ்வரி எடுக்கவில்லை. அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். முதன்முறையாகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தால் மகேஸ்வரி லேப்டாப் முன்னால் பின்னங்களை விளக்கிக்கொண்டிருந்தாள். மஸ்கட் பிள்ளைகளின் முகம் பளிச்சென்று தெரிந்தது. மாடியிலிருந்து கிரிக்கெட் வர்ணனை தடையில்லாமல் இறங்கிவந்தது.

உத்திராபதி படியில் நின்றான். "செவுத்துல இருக்கற பொட்டில ஒரு பட்டன் இருந்துச்சு மாமா. அமுக்கினேன், வைஃபை வந்துடுச்சு. பாஸ்வேர்டு பொட்டிக்கு அடியிலயே ஒட்டியிருக்கு."

"அதுல செக்யூரிட்டி..." என்று ஆரம்பித்தார் செம்பியன்.

மகேஸ்வரி திரும்பாமலே கையைக் காட்டினாள். "கிளாஸ் நடக்குதுங்க. அடுப்படியில சோறு இருக்கு."

அவர் போய்ச் சாப்பிட்டார். சாயங்காலம் கணினியில் மானிட்டரை மாட்டி, உத்தரவை ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டு, எல்லாரும் பழைய வழிக்கே திரும்பலாம் என்று அறிவித்தார். யாரும் திரும்பவில்லை. ஒரு வாரம் அபாயங்களை எடுத்துச் சொன்னார். மகேஸ்வரி பொறுமையாகக் கேட்டாள். அவள் பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கிறவள்.

மாடிப்படிக்கு அடியில் அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. அதன் வழியாக இணையத்துக்குப் போகிறவர் செம்பியன் ஒருவர்தான். நெட்டு ஏன் மெதுவாக இருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்பதில்லை.