யூனிஸின் கெண்டைக்கால் அளவு

புயல் கரையைக் கடந்த மறுநாள், டிசம்பர் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த யூனிஸ் புடவையைக்கூட மாற்றாமல் கட்டிலில் படுத்து நூற்று முப்பத்து மூன்று நாள் தூங்கினாள். படுக்கும்போது, "என்னாங்க, கண்ணை இழுக்குது, எழுப்பாதீங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். சாயங்காலம் காபி வேண்டி அசரியா எழுப்பிப் பார்த்தார். மூச்சு நிமிடத்துக்கு இரண்டு வந்தது, உடம்பு பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது, மற்றபடி முகத்தில் ஒரு குறையும் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் தண்டவாளத்தை ஒட்டிய தெரு அது. பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில் கட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும். அதற்கும் அவள் அசையவில்லை.

மூன்றாம் நாள் வந்த தெரு டாக்டர் நாடி பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, கால்தான் பயம் என்றார். மூன்று வாரம் இப்படிக் கிடந்தால் தொடையும் கெண்டைக்காலும் கரைந்துபோகும், அப்புறம் எழுந்தாலும் நிற்க முடியாது. அசரியாவுக்கும் அதுதான் பயம். யூனிஸ் என்றால் நடை. மார்க்கெட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறாதவள். குருத்தோலை ஞாயிறு பவனியில் நாற்பது வருடமாக முதல் வரிசை. அவளைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிற நாள் வந்தால் தாங்கமாட்டோம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். "உள்ள போனா என்னென்ன உருவுவாங்கன்னு எவன் கண்டான்?"

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தெட்டு வருடம் வாட்ச்மேனாக இருந்தவர் அவர். படிப்பு ஐந்தாம் வகுப்பு, நம்பிக்கை அதைவிடக் குறைச்சல். சபையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரவல் வாங்கிக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். வருகிறவர்கள் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் யூனிஸைப் பார்க்கலாம். போதகர்கூடக் கையெழுத்துப் போட்டார். பெண்கள் ஐக்கிய சங்கம் வாராவாரம் வந்து சத்தமாகப் பாடி எழுப்பப் பார்த்தது. யூனிஸ் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். அதையும் அசரியா நோட்டில் எழுதினார்.

தை பிறந்தபோது பொத்தேரியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிற சூர்யநாராயணன், விஷயம் கேள்விப்பட்டு வந்தார். யூனிஸின் தையல் டேப்பையே வாங்கிக் கெண்டைக்காலை அளந்தார். டேப்பின் ஒரு முனையை அசரியா விடவில்லை. பன்னிரண்டரை அங்குலம். மாசியில் பன்னிரண்டரை. பங்குனியிலும் ஒரு நூல் குறையவில்லை.

"குளிர்நாட்டுக் கரடி அஞ்சு மாசம் இப்படித்தாங்க ஐயா படுத்துக் கெடக்கும். சாப்பாடு கிடையாது, சிறுநீர் கிடையாது. வெளிய போக வேண்டிய கழிவையே உடம்பு திரும்பத் தசையாக்கிக்கும். ரத்தத்துலயும் ஏதோ ஒண்ணு ஓடுது, அது தசையைக் கரைய விடாது. அம்மாவோட ரத்தம் ஒரு ட்யூப் கிடைச்சா, படுத்த படுக்கையா இருக்கற எத்தனையோ பேருக்கு..."

"கரடியா எம் பொண்டாட்டி? வண்டலூர்ல கீற கரடியே தூங்கறதில்ல, ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு மூஞ்சி காட்டிகினு நிக்குது. இவ இன்னாத்துக்கு சார் தூங்குறா?"

"நம்ம ஊர்க் கரடிக்குக் குளிர்காலம் ஏதுங்க? அம்மாவுக்கு எப்படி வந்ததுன்னு எனக்கும் தெரியல."

"தெரியலல்ல? அப்போ ரத்தம் கெடையாது. ஆமா, தூங்குற கரடி பக்கத்துல காவலுக்கு யார்னா உக்காருவாங்களா?"

"இல்லீங்க."

"அதான் சார் உங்க ஆராய்ச்சில கோளாறு" என்று சொல்லி, போன நேரத்தைக் குறிக்க நோட்டை நீட்டினார்.

இதற்கிடையில் அசரியாவை ஊரே தாங்கியது. மனைவி இந்த நிலையில் இருக்க, மனுஷன் ஒரு தம்ளர் தண்ணீருக்கு எழலாமா? மருமகள் பிளஸ்ஸி அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் டிபன் கேரியர் கொண்டுவந்து, "மாமா, நீங்க எழுந்திருக்காதீங்க" என்று தட்டைக் கையிலேயே கொடுத்தாள். பக்கத்து வீட்டார் பால் பாக்கெட்டை மடியில் வைத்தார்கள். சபையார் நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார்கள். தூங்கியதும் அதிலேயே. நாலடி தள்ளி இருந்த கழிவறைதான் அவர் போன தூரம், அதுவும் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பக்கத்து வீட்டார் தோளைப் பிடித்துக்கொண்டு. வேட்டிக்குள் என்ன நடந்தது என்று அவரும் பார்க்கவில்லை, ஊரும் பார்க்கவில்லை. எல்லாரும் யூனிஸின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குருத்தோலை ஞாயிறு காலை பவனி தெருமுனைக்கு வந்து ஓசன்னா சத்தம் கேட்டதும் யூனிஸ் கண்ணைத் திறந்தாள். காலைத் தரையில் ஊன்றினாள். அவள் நின்றாள், முகம் கழுவினாள், "கறிவேப்பிலைச் செடியைக் காயவுட்டீங்களா?" என்று ஒரு முறை முறைத்தாள், கொண்டையை முடிந்துகொண்டு முதல் வரிசையில் போய்ச் சேர்ந்தாள். கூட்டம் ஒரு நிமிடம் நின்றது, பிறகு அவள் நடைக்கு ஈடுகொடுக்க ஓட வேண்டியிருந்தது.

பின்னாலேயே போக அசரியா எழப்பார்த்தார். எழவில்லை. இரண்டு கையையும் ஊன்றி இன்னொரு முறை பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பவனி போய் ஆராதனையும் முடிந்து யூனிஸ் கையில் ஓலையோடு திரும்பியபோது அவர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

"என்னாங்க, எழுந்திருங்க."

"முடியல யூனி."

அவள் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தாள். "அடப் பாவி மனுஷா, தூங்குனது நானு!" என்றாள். பிறகு குனிந்து, கேஸ் சிலிண்டரைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள்.

சூர்யநாராயணன் வந்து அதே டேப்பால் அளந்தார். ஒன்பது அங்குலம். அசரியா சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணும்னா இப்ப அவகிட்ட ஒரு ட்யூப் எடுத்து எனக்குப் போடு சார்" என்றார்.

"அது தூங்கும்போது உள்ள ரத்தத்துலதாங்க இருக்கும். அன்னிக்கே குடுத்திருந்தா..."

"தெரியும், தெரியும். நோட்டுல கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

வைகாசியிலிருந்து யூனிஸ் அவரைக் கையைப் பிடித்து நடக்கவிட்டாள். முதலில் வாசல், அப்புறம் ரயில்வே கேட், ஆவணியில் மார்க்கெட். வழியெல்லாம் அவர் சலித்துக்கொண்டார், அவள் காதில் வாங்கவில்லை.

மறுவருடம் டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, "என்னாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு யூனிஸ் படுத்தாள். தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை. பால் பாக்கெட் ஒன்று குறைக்கப்பட்டது, அவள் பங்குக் கிறிஸ்துமஸ் கேக்கை பிளஸ்ஸி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தாள், சூர்யநாராயணனுக்கு ஒரு ட்யூப் ரத்தம் அளந்து கொடுக்கப்பட்டது. அசரியா நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் பீச் ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் போனால் எழுகிறார், செங்கல்பட்டுக்கு ஒன்று போனால் உட்காருகிறார். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு. அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு.