சின்னக்கா வீட்டில் இருந்த பக்கம்

கதை எழுத முன்வந்த துணிவைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். பள்ளிக் கட்டுரைகளும் உறவினரின் நலம் விசாரித்த கடிதங்களும் தவிர, வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. முன்னுரையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதன் காரணம், மேலே படித்தால் தங்களுக்கே விளங்கும்.

பென்னாகரம் கடைவீதியில் அப்துல் ஷுக்கூர் தையல் மெஷின் கடை வைத்திருந்தார். 1968ஆம் ஆண்டில் சுற்றுக் கிராமங்களில் மாதர் சங்கங்கள் தையல் வகுப்பு நடத்தத் தொடங்கவே, மெஷின்கள் நன்றாக விற்றன. ஆனால் விற்ற மெஷின்கள் அவருடைய மகன் கவுஸ் பாஷாவை உட்காரவிடவில்லை. நூல் அறுகிறது, தையல் விட்டுப்போகிறது என்று ஆள்மேல் ஆள் வரும். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவான். மெஷினோடு வந்த விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது.

அவன் மனைவி ஷகிலா பள்ளியிறுதி வரை படித்தவள்; தமிழ்க் கட்டுரையில் பரிசு பெற்றவள். கணவனிடம் கேட்டறிந்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு தமிழில் ஒரு கையேடு எழுதினாள். மாமனார் அதைச் சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்துச் சங்கத்துக்கு ஒன்றாகக் கொடுத்தார்.

"இது பலிச்சுதுன்னா, அடுத்த தடவ பிரஸ்லயே அச்சடிச்சிடலாம்மா. மொதப் பக்கத்துல உம் பேரு போட்டு" என்றார்.

அந்தச் சொல்லை ஷகிலா நெஞ்சில் முடிந்துவைத்துக்கொண்டாள். கணவனின் சைக்கிள் ஓய வேண்டும், தன் பெயர் அச்சில் வர வேண்டும். அவளுக்கு இரண்டும் அந்தக் கையேட்டையே நம்பியிருந்தன.

சைக்கிள் ஓயவில்லை.

"புக்கைப் படிச்சீங்களான்னு கேட்டா, 'படிச்சோம் பாய், அதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம்'ங்கறாங்க" என்றான் கவுஸ் பாஷா. ஷகிலாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே அவனோடு ஏரியூர் பஸ்ஸில் ஏறினாள்.

ஏரியூரில் சங்கத்து உறுப்பினர் கண்ணம்மாளின் மெஷினில் பாதி தைத்த ரவிக்கை கிடந்தது. கையேட்டின் ஒற்றைத் தாள் மட்டும் நூலில் கட்டித் தொங்கியது.

"மத்த பக்கமெல்லாம் எங்கீங்க?" என்றாள் ஷகிலா.

"அவங்கவங்களுக்கு வேணுங்கறதைக் கிழிச்சுக்கிட்டோம் பாயம்மா. எண்ணெய் போடற பக்கம் தீர்த்தம்மா வூட்ல. பாபின் பக்கம் செல்லிகிட்ட."

"முன்னுரை?"

"அந்த மூணு தாளா? நல்லா மொடமொடன்னு இருந்துச்சுங்க. ரவிக்கைக் கைக்கு அளவு வெட்டிக்கிட்டோம்."

ஷகிலா தொங்கிய தாளைப் படித்தாள். நூல் அறுந்தால், முந்தைய பக்கத்தில் விவரித்தவாறு மீண்டும் கோக்கவும் என்றிருந்தது.

"முந்தின பக்கம் பக்கத்துல சின்னக்கா வூட்ல இருக்குதுங்க" என்றாள் கண்ணம்மாள்.

"பக்கத்து வூடுதானே? கேட்டு வாங்கினா என்னங்க?"

"நானும் அவளும் பேசறதில்லை. எங்கோழி அவ அவரையைக் கொத்துனதுல இருந்து."

சுவருக்கு அப்பாலிருந்து சின்னக்காவின் குரல் வந்தது. "கோழியை அடைக்கத் தெரியாதவளுக்கு மிசினு ஒரு கேடு!"

"யாரோ கத்தறாங்க, நீங்க காதுல வாங்காதீங்க பாயம்மா."

ஷகிலா சின்னக்கா வீட்டுக்கும் போனாள். அங்கும் மெஷின் ஓடாமல் நின்றிருந்தது. அங்கிருந்த தாளின் அடியில், கோத்த பின்னும் அறுந்தால் அடுத்த பக்கம் காண்க என்று ஷகிலாவே எழுதியிருந்தாள். அடுத்த பக்கம் கண்ணம்மாள் வீட்டில்.

"இவங்க ரெண்டு பேரும் ராசியாகற வரைக்கும் என் சைக்கிளுக்கு லீவு இல்லே" என்று சிரித்தான் கவுஸ் பாஷா.

சமாதானம் செய்துவைக்கலாமா என்று பஸ்ஸில் முதலில் யோசித்தாள் ஷகிலா. எத்தனை ஊரில், எத்தனை கோழிக்கு? பென்னாகரம் வருவதற்குள் வேறொன்று தோன்றியது. ஒரு தாளுக்கும் மற்றொரு தாளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அவ்வாறே எழுதினாள். தாளுக்கு ஒரே சங்கதி. தலைப்பில் பெண்கள் சொல்லும் குறை. அதன் கீழே, கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை. பிறகு செய்யும் முறை. இறுதியில், சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம். முந்தைய பக்கம், அடுத்த பக்கம் என்ற பேச்சே இல்லை. நூல் கோக்கும் முறையை ஒரு முறை செம்மையாக எழுதி, அது வேண்டிய தாள்களிலெல்லாம் அப்படியே பதித்தாள்.

"ஒரே சேதி மூணு தாள்லயா? ஸ்டென்சில் சும்மாவா வருது?" என்றார் மாமனார்.

"மூணு வூட்டுக்குப் போகுதுங்களே மாமா."

அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "சரி, இதுல மொதப் பக்கம் எதும்மா? உம் பேரை எங்க போடறது?"

ஷகிலா தேடினாள். எந்தத் தாளை எடுத்தாலும் அதுவே முதல் பக்கமாக இருந்தது. நூல் அறுகிறது என்ற தாளின் அடியில் மட்டும் ஒரு வரிக்கு இடமிருந்தது. சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்துவிட்டு, ஊசி முனை மழுங்கியிருந்தால் மாற்றவும் என்று அங்கே எழுதினாள்.

தாள்கள் ஊர்களுக்குப் போயின. அந்த மழைக்காலம் முழுவதும் ஏரியூரிலிருந்து ஆள் வரவில்லை. கவுஸ் பாஷா பகல் சாப்பாட்டை வீட்டில் உட்கார்ந்து உண்டான். ஒரு சந்தை நாளில் கண்ணம்மாளும் சின்னக்காவும் ஒரே பஸ்ஸிலிருந்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள். இருவர் ரவிக்கையிலும் தையல் நேராக ஓடியிருந்தது. கடைவாசலில் நின்ற ஷகிலாவுக்கு மனம் நிறைந்தது.

இழந்தவற்றையும் கூறிவிடுவது முறை. முன்னுரை, மூன்று தாள். முடிவுரை, ஒன்று. மழுங்கிய ஊசிகள், ஊருக்கு இரண்டொன்று. ஷகிலாவின் பெயர், ஒரு வரி.