மூன்றுக்கு மேல்

மணியின் நாக்கில் சுற்றியிருந்த துண்டை அவிழ்க்க முடியாமல் மார்த்தாள் ஏணியின் உச்சியில் நின்றாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். துண்டில் தகப்பனின் வேர்வை வாசனை இன்னும் போகவில்லை.

போன மாதம் சேரியில் அம்முலு செத்த அன்று அவர் கட்டியது. அவிழ்ப்பதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டார். இன்று விடியும்போது போய்விட்டார். சேரியில் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பாடை கோயிலுக்கு வருமுன் மணி அடித்தாக வேண்டும்.

அந்த மாதா கோயிலில் சாவு மணிக்கு ஒரு முறை இருந்தது. மேலத்தெருவில் யாராவது இறந்தால் வயசுக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். சேரியில் இறந்தால், கிழவனானாலும் கைக்குழந்தையானாலும், மூன்றுதான். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்று, நற்கருணை ஒன்று; மணி மட்டும் இரண்டு விதம்.

அவள் தகப்பன் ஞானதாஸ் முப்பது வருஷம் அந்த மணிக்கயிற்றை இழுத்தவர். சேரிச் சாவென்றால் மூன்று அடிப்பார். பிறகு ஏணியில் ஏறி, கக்கத்தில் இடுக்கியிருக்கும் துண்டை எடுத்து மணியின் நாக்கில் சுற்றிக் கட்டுவார். கீழே வந்து மீதி வயசுக்கும் கயிற்றை இழுப்பார். 'பொத், பொத்' என்று துணி இடிக்கும். வெளியே கேட்காது.

"சாமிக்குக் கேக்கும்மே," என்பார்.

"சாமிக்குக் கேக்கும்னா மேலத்தெரு சாவுக்கு மட்டும் ஏன் நைனா ஊரே கேக்கற மாரி அடிக்கற?"

அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு எரிந்தது.

கீழே செருப்புச் சத்தம் கேட்டது. கோயில் பொறுப்பைப் பார்க்கும் மேலத்தெரு ராயப்பன் நின்றிருந்தார்.

"இன்னா மார்த்தா, மேல இன்னா பண்ற? மூணு அடிச்சிட்டு சீக்கிரம் போ. மழ வர மாரி கீது."

சேரி ஜனம் அவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடும். அவள் வாயில் இன்று அந்தச் சொல் வரவில்லை.

"அறுவத்திரெண்டு அடிக்கப் போறேங்க ஐயா."

"இன்னா?"

"எங்க நைனாவுக்கு அறுவத்திரெண்டு வயசு. மூணு வயசுக் கொயந்தயா செத்துப் போச்சு?"

"வழக்கம்னு ஒண்ணு கீதில்ல? ஒங்கப்பன் முப்பது வருசம் இந்தக் கயித்தப் புடிச்சான். ஒரு நாளு வாயத் தெறந்து கேட்டானா?"

"அதாங்க எனக்கு வயித்தெரிச்சல்."

இறங்கி வந்தாள். துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவதற்கு இழுத்தாள்.

"நிறுத்தும்மே! மூணுக்கு மேல போனா எங்க தெரு சாவுன்னு ஜனம் ஓடியாரும்!"

ஐந்து. ஆறு. ராயப்பன் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் பிடித்திருக்கும் கயிற்றை அவர் தொடமாட்டார். பிறந்ததிலிருந்து அவளை எரித்த வழக்கம் இன்று ஒரு முறை அவளுக்கு உதவியது.

இருபதைத் தாண்டியதும் தோள் விட்டுப்போயிற்று. இரவெல்லாம் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இருபத்தாறாவது இழுப்பில் கயிறு கையிலிருந்து நழுவியது.

வேறொரு கை அதைப் பிடித்தது.

சிட்டம்மாள். ராயப்பனின் தாய். தினமும் இந்த நேரத்தில் கோயிலுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறவள். மாலை இப்போதும் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

"யம்மா, கைய எடு. அவ புடிச்ச கயிறு," என்றார் ராயப்பன்.

"அவங்கப்பன் புடிச்ச கயிறுடா. ஒங்கப்பனுக்கு எழுவத்தொண்ணு அடிச்சானே, அந்தக் கயிறு." மார்த்தாளின் பக்கம் திரும்பினாள். "புடி பொண்ணே. எனக்குத் தனியா இழுக்க வராது."

மார்த்தாள் அவள் கைக்குக் கீழே பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.

"துணி கட்டிட்டு அவன் இழுக்கறது ஜன்னலண்ட எனக்குக் கேக்கும்," என்றாள் கிழவி, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவேன். யார்னு தெரியாது. சேரி ஆளுன்னு மட்டும் தெரியும்."

"முப்பது வருசமாவா?"

"முப்பது வருசமா."

"ஒரு வார்த்த சொல்லலியே, அம்மா."

சிட்டம்மாள் முப்பத்தொன்றுக்குக் கயிற்றை இழுத்தாள்.

நாற்பதைத் தாண்டும்போது மேலத்தெரு ஆட்கள் ஓடிவந்தார்கள். சட்டையைப் பாதி மாட்டியவர்கள், சாப்பிட்ட கையைக் கழுவாதவர்கள். கோயில் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்து, சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் கழனியில் ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த தாண்டவராயன் கோயிலுக்கு வருகிறவர் இல்லை, மாகறல் சிவனைக் கும்பிடுகிறவர். அவரும் முண்டாசை அவிழ்த்துக்கொண்டு வரப்பேறி வந்தார்.

"நம்மள்ள யாரு?" என்று ஒருவன் கேட்டான். "ராயப்பா, யாரு?"

ராயப்பன் தாயைப் பார்த்தார்.

"ஞானதாசு," என்றாள் சிட்டம்மாள். "நம்ம ஞானதாசு."

இரண்டு பேர் தலைப்பாகையைத் திரும்பச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவன் துண்டைத் தலைவரை கொண்டுபோய், போட்ட சிலுவையை என்ன செய்வதென்று தெரியாதவன்போல, கையை இறக்கினான். தாண்டவராயன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

அறுபத்திரண்டு அடித்து முடிந்தபோது பாடை கோயில் வாசலுக்கு வந்திருந்தது. மேலத்தெரு ஆட்களைக் கண்டு சேரி ஆண்கள் பழக்கத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்கள்.

மார்த்தாள் இடுப்பிலிருந்த துண்டை உருவினாள். மணியின் பச்சைக் களிம்பு அதில் படிந்திருந்தது. உயிரோடு இருந்தவரை இந்தத் தெருவில் அது அவர் தலைக்கு ஏறியதில்லை. அவள் பாடையின் தலைமாட்டில் குனிந்து, ஈரம் காயாத தகப்பன் தலையில் அதைச் சுற்றினாள்.

"வலப்பக்கம் கொஞ்சம் எறக்கமா கீது," என்றார் தாண்டவராயன், மெதுவாக.

அவள் சரிசெய்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். தலைப்பாகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள்.