முதல் சூடம்

குற்றாலம் டாக்சி ஸ்டாண்டில் பதினோரு கார்கள். ஆயுத பூசையன்று முதல் சூடம் துல்கர்னைன் பாயின் அம்பாசிடருக்குத்தான். பக்தியால் வந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கரபாண்டி காருக்கு முதலில் காட்டினால் செல்லப்பா முறைப்பான். செல்லப்பா காருக்குக் காட்டினால் சங்கரபாண்டி பூசணிக்காயை ஆள்மேல் எறிவான். பாய் என்றால் இரண்டு பேருக்கும் வயிறு எரியாது. பாயும் காரைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பொரிகடலை தீரும் வரை கூடவே இருப்பார்.

பதினோராவது கார் நல்லகண்ணுவுடையது. அவர் கறுப்புச் சட்டைக்காரர். சாமியும் கிடையாது பூதமும் கிடையாது என்று பத்து வருடமாகத் தம் டயருக்கடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்க விட்டதில்லை. அந்தப் பெயர்தான் அவருக்குச் சொத்து. பூசையன்று காரைத் தள்ளி நிறுத்திக்கொண்டு பேப்பர் படிப்பார். யாராவது கவனிக்கிறார்களா என்று பேப்பருக்கு மேலாக எட்டியும் பார்ப்பார்.

எண்பத்திரண்டாம் வருடம் பூசை சமயத்தில், கொல்லத்தில் மகள் வீட்டுக்குப் போன பாய் அங்கேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். கேட்க வேண்டுமா! சூடத்தட்டு அந்தரத்தில் நிற்க, செல்லப்பாவும் சங்கரபாண்டியும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கிழிந்த சட்டையோடு செல்லப்பாதான் வழி கண்டுபிடித்தான்.

"அண்ணாச்சி, ஒங்க வண்டிக்கு மொதல்ல காட்டிருதோம். ஒங்களுக்குத்தான் நம்பிக்கையே கிடையாதே, எவனும் பொறாமப்பட மாட்டான்."

"ஏலே, யாருகிட்ட என்ன பேசுதே? நான் செத்தாலும் நடக்காது!"

"அப்போ இங்கன கொலை விழும். பாத்துக்கிடுங்க."

நல்லகண்ணு யோசித்தார். இது பூசை இல்லை, சமூக அமைதி என்று அத்தனை பேரையும் மூன்று தடவை சொல்ல வைத்தார். சூடம் காட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தனம் கோணலாகப் போனபோது மட்டும், "நேரா வையிலே" என்று வாயில் வந்துவிட்டது.

அடுத்த வருடம் பூசைக்கு முந்திய சாயங்காலம் வாளியும் துணியுமாகக் காரோடு மல்லுக்கட்டினார்.

"நாளைக்குப் பூசைக்கா?" என்று கேட்டாள் மனைவி பேச்சித்தாய்.

"ஏட்டி, தூசி! வெறுந் தூசி!" என்று எரிந்து விழுந்தார்.

விடிந்ததும் காரை வரிசையின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். பத்து மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டே பாய் வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். தட்டு நேரே பாய் காருக்குப் போயிற்று.

நல்லகண்ணு ஒரே பாய்ச்சலில் தட்டை மறித்தார்.

"நிப்பாட்டுங்கலே! போன வருசம் யாருக்கு மொதல்ல காட்டுனிய? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? சாமி காரியத்துல ஒங்க இஷ்டத்துக்கு மாத்துவியளோ?"

பாய் காரில் ஏறி, ரிவர்ஸ் கியர் போட்டார்.