இரண்டாவது கோப்பை

தைஸ்டோவின் மனைவி சிர்க்கா இறந்த பிறகு அவன் வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை. ஃபின்லாந்துக்காரர்கள் நாங்கள் துக்கத்தில் இருப்பவனைத் தொந்தரவு செய்வதில்லை. அவனாகக் கூப்பிடும்வரை விட்டுவிடுவதுதான் மரியாதை. ஏரிக்கு இந்தக் கரையில் என் வீடு, அந்தக் கரையில் அவனுடையது. காலையில் அவன் புகைபோக்கியில் புகை தெரிந்தால், உயிரோடு இருக்கிறான் என்று நிம்மதியாகிவிடுவேன். நல்ல நட்பு!

சேர்ந்து செய்துகொண்டிருந்த இசை ஆல்பத்தை மட்டும் நாங்கள் விடவில்லை. நாட்டுப்பாட்டின் சாயலில் இருவரும் செய்யும் நியோஃபோக் இசைக்கு ஏதோ நாலு பேர் ரசிகர்கள் உண்டு. மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்பார்கள். நான் கிதார் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவேன். அவன் தன் சமையலறையில் உட்கார்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் எங்கள் ஊர் நரம்பு வாத்தியமான கந்தெலேயை மீட்டி, அதோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவான். கூட ஒரு வரி எழுதமாட்டான். நானும்தான்.

கடைசிக்கு முந்தைய பாட்டு வந்தது. கந்தெலே தொடங்குமுன் காபி ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு கோப்பையை மேசையில் வைத்தான். மறுபடியும் ஊற்றினான், இன்னொரு கோப்பையையும் வைத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ அங்கே சாவகாசமாகக் காபி குடிக்கிறார்கள், நான் இங்கே புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! பொறாமைதான், வேறென்ன. படகை எடுத்தேன்.

கதவைத் தட்டாமலே நுழைந்தேன். "எங்கடா அந்த ஆளு?"

கடைசிப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த தைஸ்டோ நிமிர்ந்தான். "எந்த ஆளு, கௌகோ?"

"நடிக்காத! ரெண்டு கோப்பை ஊத்துறியே, யாருக்கு?"

மேசையில் இன்றைக்கும் இரண்டு இருந்தன. ஒன்று நிறைந்தபடியே ஆறிப்போயிருந்தது. எதிர் நாற்காலியில் யாரும் இல்லை.

"உனக்குத்தான்," என்றான். "உன் கிதாரைப் போட்டா நீ வந்த மாதிரி இருக்கும்."

"கூப்பிட்டிருக்கலாமேடா, கழுதை!"

"நீயே வரலை. தனியா இருக்கத்தான் உனக்குப் பிடிக்குதுன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கத் திரும்பியபோதுதான் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

"ஐயோ, நான் கத்தினதெல்லாம் விழுந்திருச்சா? அழிச்சிட்டு மறுபடி வாசிடா."

"அழிக்க மாட்டேன்," என்றான் தைஸ்டோ. "அவ போனதுக்கப்புறம் இந்த வீட்டுல கேட்ட மொதக் குரல் அது."